மயிலாசனத்து நடிகர்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலை வேளையில் உலவச் செல்வோர் மூன்று பெயர்களைக் கடந்து செல்கின்றனர். 1916-இல் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கி, மறுவருஷமே சர்க்காரின் காவலில் வைக்கப்பட்ட அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் நகருக்கு வாய்த்திருக்கிறது. எலியட் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர் கடற்கரைக்கு இன்னும் நிலைத்திருக்கிறது. 1930-இல், அலையில் சிக்கியவரைக் காக்கப் பாய்ந்து தம் உயிரை இழந்த ஷ்மிட் என்னும் டேனிஷ்காரரின் பெயரை மணலில் நிற்கும் வெள்ளை வளைவு தாங்கி நிற்கிறது. சற்றுத் தெற்கே நடந்தால் அறுபடைவீடு முருகன் கோயில். ஆறு ஊர்களில் ஆறு கோலங்களில் காட்சி தரும் தெய்வத்தை, அலையோசை கேட்கும் ஒரே வளாகத்தில் கருங்கல்லில் எழுந்தருளச் செய்திருக்கிறார்கள்.

அக்கோயிலைக் காணுந்தோறும் நமக்கு ஒரு நடிகரின் நினைவு எழுகிறது. கல்லிலன்றித் தம் உடலிலும் குரலிலும் முருகனின் பல கோலங்களைக் காட்டியவர் அவர். இதே சென்னையில், 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி, ராயல் தியேட்டர் மேடையில், முருகன் வேடத்தில் மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்த தியாகி ஸ்ரீ விஸ்வநாத தாஸ் அவர்களையே குறிப்பிடுகிறோம்.

தாஸைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கணக்கோடு தொடங்கி அக்கணக்கோடே முடித்துவிடுகின்றனர். அவர் 29 முறை கைதானார் என்பதே அக்கணக்கு. அத்தியாகத்துக்கு நாமும் தலைவணங்குகிறோம். ஆயினும், சிறைக் கதவுகளை எண்ணுவதோடு நின்றுவிட்டால், அவை அவருக்கு ஏன் அத்தனை முறை திறந்தன என்ற கேள்வி விடையின்றி நிற்கும். அவர் காலத்தில் தேசியப் பாட்டுப் பாடியோர் எண்ணற்றவர். அவர்கள் அனைவரையும் தேடிப் போலீஸார் நாடகக் கொட்டகையின் வாயிலில் காத்துக் கிடக்கவில்லை. கேட்போர் நெஞ்சில் தங்காத பாட்டால் எந்த சர்க்காருக்கும் தொல்லையில்லை. தாஸைக் கண்டு சர்க்கார் அஞ்சியதற்குக் காரணம், அவர் தேர்ந்த நடிகராயிருந்ததேயாகும். நடிகரை மறந்து தியாகியை மட்டும் போற்றுவது, பாதி மனிதருக்கு மாலையிடுவதாகும் என்பது நமது அபிப்பிராயம்.

1886-இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் தாஸ். பின்னர் மதுரை ஜில்லாவின் திருமங்கலத்தைத் தம் ஊராகக் கொண்டார். அவர் வளர்ந்த மேடை, தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் உருவாக்கித் தந்த இசை நாடக மேடை. அதில் பிற்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர் பெற்ற முறையைப் பட்டணத்து நேயர்கள் பலர் அறியார். அங்கே நிலையான கம்பெனி இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னோர் ஊரார். அரிதாரம் பூசும் வேளையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பர். பிறகு விடியும்வரை ஆட்டம். எதிரே நிற்பவர் எந்த ராகத்தில் எடுப்பார், தர்க்கத்தில் என்ன கேள்வி தொடுப்பார் என்பது மேடையில்தான் தெரியும். ஒலிபெருக்கி பரவாத நாளில், பந்தலின் கடைசி வரிசையில் துண்டு விரித்து அமர்ந்திருக்கும் உழவனுக்கும் சொல் சிதையாமல் போய்ச் சேரவேண்டும். சாரீரம், தாளம், தமிழ், சமயோசிதம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அம்மேடையில் நிற்க முடியாது.

'வள்ளி திருமணம்' ஒன்றே இதற்குச் சான்று. அதில் ராஜபார்ட் ஏற்பவருக்கு ஒரே இரவில் குறைந்தது மூன்று பிறவி. முதலில் அவர் வேடன். மிடுக்கும் துடுக்கும் வேண்டும். அடுத்து அவர் கிழவர். தேனும் தினைமாவும் வாங்கி உண்டு, விக்கல் எடுத்துத் தண்ணீருக்குத் தவிக்கையில் சபை சிரிக்க வேண்டும். முடிவில் அவர் முருகக் கடவுள். சற்று முன் சிரித்த அதே சபை கைகூப்ப வேண்டும். நடை, குரல், பார்வை மூன்றையும் மூன்று விதமாய் மாற்றி, இடையிடையே வள்ளியோடு நெடுநேரம் தர்க்கமும் புரிய வேண்டும். கிழவனிடம் வேடனின் குரல் எட்டிப் பார்த்தாலும், தெய்வத்திடம் கிழவனின் கோமாளித்தனம் மிஞ்சியிருந்தாலும் ஆட்டம் கெட்டது. இந்த வேடமே தாஸுக்குப் பெயர் தந்தது. நாம் அவரை நேரில் கண்டவரல்லோம். ஆனால் மூன்று பிறவிகளையும் ஓர் இரவில் தாங்க முடியாதவரை, ஊர்தோறும் ஜனங்கள் இரவெல்லாம் விழித்திருந்து ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது திண்ணம்.

அவருடைய தேசபக்தி எவ்விடத்தில் மேடையேறியது என்பதையும் கவனிக்க வேண்டும். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் காட்சி நாடகத்தில் முன்னமே உண்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றித் தந்த கொக்குப் பாட்டைத் தாஸ் அங்கேதான் பாடினார். வயல் நம்முடையது, விளைந்த கதிர் நம்முடையது, வெள்ளை நிறத்துப் பறவை வெளியிலிருந்து வந்து கொத்துகிறது. இவ்வளவையும் காட்சியே சொல்லிவிடுகிறது. அதன்மேல் பாட்டு வந்து அமர்ந்ததும், 1919-இல் பஞ்சாபில் சிந்திய ரத்தம் தென்பாண்டிக் கிராமத்தானுக்கும் தன் வீட்டுத் துக்கமாயிற்று. ஜாலியன்வாலாபாக் எங்கே இருக்கிறதென்று அறியாதவனுக்கும், கதிரைக் கொத்தும் பறவையைத் தெரியும். சபையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த போலீஸ் உத்தியோகஸ்தரின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள்! கொக்கைப் பழித்தது ராஜத்துரோகம் என்று அவர் எழுதவேண்டியிருந்தது. எழுதிய மாத்திரத்தில், கொக்கு யார் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதாயிற்று.

இனி, குறையையும் சொல்லவேண்டும். குறை சொல்லாத புகழ்ச்சி ரஸிகனுக்கும் உதவாது, நடிகனுக்கும் உதவாது. அக்காலத்து இசை நாடக மேடையில் கதை ஒருபுறம் நிற்க, சபையோரின் கரகோஷத்துக்காகப் பாட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறுவது வழக்கம். தேசியப் பாட்டுக்களும் இவ்வழக்கத்துக்கு விலக்கல்ல. கதர் உடுத்தி மேடையேறிய தாஸும் விலக்கல்லர். தினைப்புனத்தில் கொக்குப் பாட்டு வேரோடு முளைத்தது உண்மை. ஆனால் கோவலன் கதையிலோ வேறொரு புராணத்திலோ இடையே நிறுத்திக் கதரையும் காங்கிரஸையும் பாடும்போது, பாத்திரம் மறைந்து பிரசங்கி தோன்றிவிடுகிறார். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி வசன நாடகத்தை வளர்த்ததற்கு, இவ்விதப் பாட்டு மிகுதியில் அவருக்கிருந்த சலிப்பும் ஒரு காரணமே. சங்கீதம் ஒன்றையே அளவுகோலாய்க் கொண்டால், 1933-இல் 27-ஆம் வயதிலேயே மறைந்த செங்கோட்டைக் கிட்டப்பாவின் கானத்துக்கு நிகராய்த் தாஸின் பெயரைச் சொல்வாருமில்லை.

இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தராசின் மறுதட்டையும் பார்க்கவேண்டும். பத்திரிகை படிக்கத் தெரியாத லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நாடகக் கொட்டகையே பத்திரிகை, ராஜபார்ட்டே ஆசிரியர். சுகுண விலாச சபையின் செம்மையான வசனம் திருமங்கலத்துச் சந்தைக்குப் போகவில்லை. தாஸின் பாட்டுப் போயிற்று. பாத்திரத்தை விட்டு அவர் வெளியே வந்த வேளைகளைக் கலைக்குச் செய்த பிழை என்றே கொள்வோம். அப்பிழையின் பயனாக அவருக்குக் கிடைத்தது விலங்கு. லாபத்துக்காகப் பிழை செய்வோரின் வரிசையில் அவரை வைக்க நமக்கு மனம் வரவில்லை.

வெள்ளையர் சர்க்கார் ஒன்றுதான் அவரை எதிர்த்தது என்று எண்ணவும் வேண்டாம். அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் நம்மவர்களே. தெய்வ வேடம் பூண்டு வந்தால் கற்பூரம் காட்டும் நாட்டில், அவ்வேடத்தைக் கலைத்த பின் அந்த நடிகனோடு சமமாய் உட்கார மனமில்லாத கொடுமையை என்னென்பது! வள்ளியாய் நடிக்கப் பலர் தயங்கிய நாளில் துணிந்து உடன் நடித்தவர்களுள் ஒருவர் ஸ்ரீமதி கே. பி. ஜானகி அம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967-இல் மதுரையிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. தாஸ் இந்த அவமதிப்பையும் சுமந்துகொண்டு மேடையில் சிரித்தார், சிரிக்க வைத்தார். இதுவும் அவரது நடிப்பின் ஒரு பகுதியென்றே நாம் கருதுகிறோம்.

சட்டத்தின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நாடகங்களை ஒடுக்குவதற்கென்றே 1876-இல் ஆங்கில சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. சுதந்திரம் வந்தபின் அது ஒழிந்திருக்க வேண்டும், ஒழியவில்லை. போதாததற்கு, 1954-இல் நம் ராஜ்யத்திலேயே ஒரு நாடகச் சட்டம் பிறந்தது. நாடகாசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் சென்னை ஹைக்கோர்ட்டு அதன் பிடியை அறுத்தது. 1876-ஆம் வருஷத்துச் சட்டமோ, பார்லிமெண்டு 2017-இல் நிறைவேற்றிய ரத்து மசோதாவினால்தான் மறைந்தது. சுதந்திரம் வருமுன்னரே மேடையில் உயிர்விட்ட ஒரு நடிகரைத் துரத்திய காலத்துச் சட்டத்தை, சுதந்திரம் வந்து 70 ஆண்டுகள் நாம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்!

சட்டம் போயிற்று, ஆனால் அம்மேடையை நம்பி வாழ்வோரின் கஷ்டம் போகவில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் சங்கம் வைத்து வாழ்கின்றனர். கோயில் திருவிழாக் காலமே அவர்களுக்கு வருமானக் காலம். மற்ற மாதங்களில் கையிருப்பே கதி. 2020-இலும் 2021-இலும் கொள்ளைநோயின் காரணமாய்த் திருவிழாக்கள் நின்றபோது அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அவ்வேளையில் பட்டணத்து ரஸிகர்களுள் எத்தனை பேர் அவர்களை நினைத்தோம்?

தாஸுக்குத் திருமங்கலத்தில் நினைவில்லம் எழுந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் நடிகனுக்கு உண்மையான நினைவுச் சின்னம் நாடகமே. அவர் உயிர் பிரிந்த டிசம்பர் 31 மார்கழியில் வருகிறது. சென்னை முழுவதும் சங்கீதம் ஒலிக்கும் மாதம் அது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிரம்பி வழியும் அந்நாட்களில், சங்கரதாஸ் சுவாமிகளின் சங்கீதத்துக்கு மட்டும் வாசல் குறுகிவிடுகிறது. பெசன்ட் நகரை ஒட்டி நிற்கும் கலாக்ஷேத்திரம், 1936-இல் அடையாற்றில் ருக்மிணி தேவியாரால் தொடங்கப்பெற்றது. 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியும், பின்னர் மெலட்டூர் பாகவத மேளத்தைப் பட்டணத்தார் மதிக்கச் செய்தும், மங்கிய கலைக்கு மறுவாழ்வு தரலாம் என்று அவ்வம்மையார் காட்டினார். அவ்வழி ஸ்பெஷல் நாடகத்துக்கும் திறக்கவேண்டும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, பெசன்ட் நகர்க் கடற்கரையில், பொதுமக்களுக்குக் கட்டணமின்றி 'வள்ளி திருமணம்' முழுமையாக நடைபெறட்டும். மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கலைஞர்கள் அழைக்கப்படட்டும். சபா வித்வான்களுக்குத் தரும் மரியாதையும் சன்மானமும் அவர்களுக்கும் குறைவறத் தரப்படட்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, மாதிரி காட்டி அனுப்பிவிடும் வழக்கம் வேண்டாம். வேடனும் கிழவனும் தெய்வமுமாய் ஒருவர் மாறும் அதிசயத்தைக் காண ஓர் இரவு முழுவதும் வேண்டும். ஆங்கில வருஷப் பிறப்பின் வாணவேடிக்கைக்காக நள்ளிரவுவரை விழித்திருக்கும் நகரத்தாருக்கு, விடியும்வரை விழித்திருப்பது பெரிய காரியமன்று.

நகரசபையும் சர்க்காரின் கலைத் துறையும் இதை யோசிக்கட்டும். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை தேசபக்தர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பந்தல் போட்டால் நாடகம் தொடங்கிவிடும். தாஸ் ஆடிய பந்தல்களெல்லாம் அவ்விதம் எழுந்தவையே.