குளத்துப் பாசியில வண்டி ஓடுமா?

ஊர்லேர்ந்து ஒரு தம்பி மடல் போட்டிருந்தார். "அண்ணா, பாசியில டீசல் எடுக்கற ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். அஞ்சு வருஷத்தை நம்பிப் போடலாமா?"ன்னு. தனியா பதில் எழுதறதைவிட இங்கயே எழுதிட்டா இன்னும் நாலு பேருக்கு ஆகும்.

முதல்ல நல்ல சேதி. நன்னீர்ல வளர்ற குளோரெல்லாவுக்கு வெயில், கரியமில வாயு, கொஞ்சம் நைட்ரஜன், பாஸ்பரஸ் இருந்தா போதும். சூழல் தோதா இருந்தா ஒரே நாள்ல ரெண்டு மடங்காயிடும். நல்ல விளைநிலம் கேக்காது. அது சேத்து வைக்கற எண்ணெயை மெத்தனாலோட வினைபுரிய வச்சா பயோடீசல் ரெடி.

இனிமே சிக்கல். பாசி எண்ணெயை நிறைய சேக்கணும்னா நைட்ரஜனைக் குறைச்சுப் பட்டினி போடணும். பட்டினி போட்டா வளர்ச்சி நின்னுடும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978லேர்ந்து 1996 வரைக்கும் இதுக்குன்னே ஒரு திட்டம் நடத்துச்சு. 3000க்கு மேல பாசி வகைகளைச் சேகரிச்சாங்க. 1998ல வந்த இறுதி அறிக்கையும் இதைத்தான் சொல்லுது: ஒவ்வொரு செல்லுலயும் எண்ணெய் கூடுது, மொத்த விளைச்சல் கூடலை.

அடுத்தது அறுவடை. திறந்த குட்டையில லிட்டருக்கு அரை கிராம் பாசி இருக்குன்னு வைங்க. அதுல கால் பங்கு எண்ணெய். சுமாரா ஒரு லிட்டர் டீசலுக்கு நாலு கிலோ காஞ்ச பாசி வேணும். அதாவது 8000 லிட்டர் தண்ணியிலேர்ந்து பாசியைப் பிரிக்கணும்! சில மைக்ரான் அளவுள்ள செல், லேசுல அடியில படியாது. எல்லாத்தையும் மையவிலக்கில சுத்தினா, கிடைக்கற எண்ணெய்க்குக் கரண்டு செலவு கட்டுப்படி ஆகுமா?

பெரிய காசு இருந்தா தீர்ந்துடும்னு நினைக்காதீங்க. எக்ஸான்மொபில் 2009ல 600 மில்லியன் டாலர் வரைக்கும் போடறதா அறிவிச்சுது. 2023 வாக்குல கையை உதறிட்டு வெளிய வந்துடுச்சு. அவங்க காசை நம்பி இருந்தவங்க வேற வழி தேடவேண்டியதாப் போச்சு.

அப்ப வரவே வேணாமா? அப்படிச் சொல்லலை தம்பி. நானே இன்னும் பாசியோடதான் குடித்தனம் நடத்தறேன் :-) பெர்க்லியில வில்லியம் ஆஸ்வால்ட் 1950கள்லயே கழிவுநீரைப் பாசிக் குட்டையில சுத்திகரிக்கறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினார். பாசி ஆக்சிஜன் கொடுக்கும், பாக்டீரியா அழுக்கைத் தின்னும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரமாகும். தண்ணி சுத்தமாகறதே முதல் லாபம், எரிபொருள் கிடைச்சா அது கொசுறு. எனக்கு இந்தக் கணக்குதான் நேர்மையாப் படுது.

அதனால பேராசிரியர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. அறுவடைக்கு எவ்வளவு மின்சாரம் ஆகுது? நிதி எத்தனை வருஷத்துக்கு இருக்கு? ரெண்டுக்கும் எண்ணிக்கையில பதில் வந்தா தைரியமா விண்ணப்பம் போடுங்க. "உலகத்தையே மாத்தப் போறோம்"னு மட்டும் பதில் வந்தா, வேற ஆய்வகம் பாருங்க.

அடுத்த வாரம் குட்டைக்குள்ள புகுந்து பாசியை மேயற பூச்சிகளைப் பத்திப் பேசுவோம். வர்ட்டா!