இறங்கச் சொன்னால் கோபமா?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு வாடகைக் கார் வந்து நிற்கிறது. உள்ளே வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று. டிரைவர் மேல்மலைப் பிள்ளை. போளூர்க்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். நல்ல மனிதர். வழியெல்லாம் பொறுமையாக ஓட்டி வந்தவர். அவர் பின்னால் திரும்பி, சிரித்த முகத்தோடு, "கெட் அவுட்!" என்கிறார்.

பெரியவரின் முகம் சுண்டிப் போகிறது. அம்மாள் குழந்தையை இழுத்து அணைத்துக் கொள்ளுகிறாள். டிரைவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இறங்கத்தானே சொன்னோம், இதில் கோபம் எங்கே வந்தது என்று விழிக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், டிரைவர் சொன்ன சொல்லில் பிழை இல்லை! காரை விட்டு இறங்குவதை இங்கிலீஷ்காரரும் "கெட் அவுட் ஆஃப் த கார்" என்றுதான் சொல்லுகிறார். பின்னால் வரும் "கார்" என்ற சொல்லை விட்டுவிட்டு, "கெட் அவுட்" என்று மட்டும் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால், "வெளியே போ!" என்று விரட்டுவதாக ஆகிவிடுகிறது. சொல் அதேதான். சொன்ன இடம்தான் வேறு.

காருக்குத்தான் இந்தக் "கெட் அவுட்". பஸ்ஸுக்கு வேறு. பஸ்ஸை விட்டு இறங்குவது "கெட் ஆஃப்". மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவது "கெட் டவுன்". தமிழில் இத்தனைக்கும் ஒரே சொல், "இறங்கு". அதனால்தான் பஸ்ஸிலும் "கெட் டவுன்" என்றே நம் மக்கள் சொல்லுகிறார்கள். சென்னையிலிருந்து டெல்லி வரை அது எல்லாருக்கும் புரிகிறது. இதைக் கேட்டு ஏளனம் செய்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். உள்ளூரில் அது குற்றமே இல்லை. ஆனால் வெளிநாட்டு விருந்தாளியிடம் அவசரமாக "கெட் டவுன்!" என்று கத்தினால், அவர் தலைமேல் ஏதோ விழப் போகிறது என்று குனிந்தாலும் குனிவார். அதற்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு.

எந்தப் போளூர்?

திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர் அல்ல. பழனி மலையில், கொடைக்கானல் வட்டத்தில் ஒரு போளூர் இருக்கிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போல அதுவும் மேல்மலை ஊர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் பூமி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகியவை கீழ்மலை. பேரிலேயே மேலும் கீழும் இருப்பதைக் கவனியுங்கள். ஏறுவதும் இறங்குவதும் இந்த மக்களுக்குப் பாடம் அல்ல, பிழைப்பு. தோட்டத்துக்குப் போக ஏற வேண்டும். தண்ணீருக்கு இறங்க வேண்டும். வத்தலக்குண்டுக்குப் போவதென்றால் மலையை விட்டே இறங்க வேண்டும்.

இந்த மலைக்கு இங்கிலீஷ் வந்து நெடுங்காலம் ஆகிறது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1901-ல் அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. அந்த நாளில் மோட்டார் ரோடு இல்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து துரைமாரையும் துரைசானிமாரையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். துரை வீட்டார் "வி வென்ட் அப்", அதாவது "மேலே போனோம்" என்று எழுதிக்கொண்டார்கள். நடந்து ஏறியது யார் கால் என்பதை அந்த இங்கிலீஷ் சொல்லவில்லை!

வால் முளைத்த சொல்

கோ அப், கம் டவுன், கெட் ஆன், செட் ஆஃப், டர்ன் பேக். ஒரு சின்ன வினைச்சொல், அதற்கு ஒரு சின்ன வால். இதைப் "பிரேசல் வெர்ப்" என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பட்டியல் போட்டு. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் பொருள். மனப்பாடம் செய், பரீட்சையில் எழுது, மார்க்கு வாங்கு. பரீட்சை முடிந்த மறுநாள் பட்டியலும் மறந்து போகும்.

இது பிள்ளைகளின் தப்பு அல்ல. 1755-ல் இங்கிலீஷ் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டாரை மிகவும் திணற வைப்பது இந்த வால் சொற்கள்தான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏன் திணற வேண்டும்? "கோ ஆஃப்" ஒன்றையே பாருங்கள். மனிதர் "கோ ஆஃப்" என்றால் கிளம்பிப் போனார். பால் "கோ ஆஃப்" என்றால் கெட்டுப் போனது. விளக்கு என்றால் அணைந்தது. அலாரம் கடிகாரம் என்றால் அடித்தது! விளக்கு அணைகிறது, கடிகாரம் அலறுகிறது, இரண்டுக்கும் ஒரே சொல். பட்டியலில் எந்தப் பொருளை எழுதுவது?

ஆனால் தமிழன் இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. "பால் கெட்டுப் போச்சு" என்கிறோமே, பால் எங்கே போயிற்று? "மாடு காணாமல் போச்சு", "துணி கிழிஞ்சு போச்சு" என்பதிலும் அதே "போ"தான். விளக்கு அணைந்தது என்று சொல்ல மனம் வராமல், "விளக்கு மலையேறிவிட்டது" என்று பாட்டி சொல்லுவாள். சாமியாடி ஓய்ந்தால் சாமி மலையேறிவிட்டது. "அந்தக் காலம் மலையேறிப் போச்சு" என்பதைக் கேட்டு எந்தக் குழந்தையாவது பழனி மலையைத் திரும்பிப் பார்க்கிறதா? இல்லை. எந்த இடத்தில் சொல் வந்தது என்று பார்த்து அது தானாகவே புரிந்து கொள்ளுகிறது. அந்தப் புத்தியைத்தான் இங்கிலீஷ் பாடத்துக்கும் கொண்டு வர வேண்டும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. "பையன் ஓடி ஏறினான்" என்கிறது தமிழ். ஏறியது முக்கிய வினை. ஓடியது அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் தலைகீழ். "ரேன் அப்" என்கிறது. ஓடியது முக்கிய வினை. ஏறியது வெறும் வால்! குழந்தை "தவழ்ந்து வெளியே வந்தது" என்பதை "கிரால்ட் அவுட்" என்று முடித்துவிடுகிறது. உலக மொழிகளை இப்படி இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று லெனார்டு டால்மி என்ற அமெரிக்க மொழியறிஞர் 1985 முதல் விளக்கி வந்தார். இந்த ஒரு குறிப்பை வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், பாதிப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

மேலே, கீழே என்பதற்கு உயரம்தான் கணக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் லண்டனுக்குப் போகும் ரயில் "அப்". லண்டனை விட்டுப் போவது "டவுன்". லண்டன் என்ன மலை மேலா இருக்கிறது? ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேர்வது "கோ அப்". அங்கிருந்து ஒருவனை "சென்ட் டவுன்" செய்தார்கள் என்றால் ஊருக்கு அனுப்பவில்லை, பேரையே அடித்துத் துரத்திவிட்டார்கள்! "மேலிடத்து உத்தரவு" என்று தமிழில் சொல்லுவதும் மாடியிலிருந்து வந்த உத்தரவு அல்லவே.

போய் வருகிறேன்

புறப்படும்போது "போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் பெரியவர்கள் அதட்டுவார்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். இது நல்ல வழக்கம். இதை அப்படியே "ஐ வில் கோ அண்ட் கம்" என்று மாற்றினால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புரியும். வெளிநாட்டார் எங்கே போய் எங்கே வருவது என்று யோசிப்பார். அவர்கள் "ஐ வில் பி பேக்" என்பார்கள். போவதைச் சொல்லுவதே இல்லை, திரும்பி வருவதை மட்டும் சொல்லுகிறார்கள். பாட்டியின் எண்ணமும் அதுதானே!

"பாஸ் அவுட்" கதை இன்னும் மோசம். காலேஜ் படிப்பை முடித்த பையன் "ஐ பாஸ்ட் அவுட்" என்கிறான். இங்கே எல்லாருக்கும் தெரியும். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களைப் பற்றி இங்கிலீஷ்காரரும் அப்படிச் சொல்லுவது உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னால், இந்தப் பிள்ளை எப்போது மயக்கம் போட்டு விழுந்தான் என்று அவர் கவலைப்படுவார். கிடைக்க வேண்டிய வேலை இதனால் கைநழுவினால் யாரை நோவது?

கொடைக்கானலில் லாட்ஜில் வேலை பார்க்கும் பையனைக் கேளுங்கள். "செக் இன்", "செக் அவுட்" இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். டிரைவர்கள் "பிக் அப்" எத்தனை மணிக்கு என்று பேசிக்கொள்ளுகிறார்கள். நடுவழியில் பஸ் நின்றால் "பிரேக் டவுன்" என்று பூண்டு மூட்டையோடு வரும் அம்மாளும் சொல்லுகிறாள். இதையெல்லாம் யார் பட்டியல் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்? வேலை கற்றுக் கொடுத்தது. கண் முன்னால் நடந்தது, காதில் விழுந்தது, வாயில் வந்தது.

ஆகையால் மேல்மலைப் பள்ளிக்கூடங்களில் இந்தப் பாடத்துக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் பஸ்ஸைப் பற்றிப் பேசலாம். பஸ் ஏறுகிறோம், கெட் ஆன். கிளம்புகிறது, செட் ஆஃப். வளைவில் வேகம் குறைகிறது, ஸ்லோ டவுன். மறந்த பையை எடுக்க ஒருவர் திரும்பி ஓடுகிறார், ரன் பேக். இடம் வந்ததும் கெட் ஆஃப். வகுப்பில் இரண்டு பெஞ்சுகளைப் போட்டுப் பிள்ளைகளை ஏறி இறங்கச் சொன்னால் போதும். செலவு காலணா கிடையாது.

அந்த டிரைவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஊர்ப் பெரியவர் காரில் இருந்தால் அவரை "இறங்கு" என்றா சொல்லுவார்? கதவைத் திறந்து, "இடம் வந்தாச்சுங்க" என்பார். பெரியவர் தாமாகவே இறங்குவார். இங்கிலீஷிலும் அதே மரியாதை இருக்கிறது. "ஹியர் வி ஆர்" என்பார்கள். வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.