விட்டுக் கொடுத்த கோப்பை

வில்லியனூருக்கும் டேவிஸ் கோப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் நம்மைக் கேட்டிருந்தால், ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நாமும் சொல்லியிருப்போம். திருக்காமீசுவரரையும் கோகிலாம்பிகையையும் தரிசித்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து ஒரு டீக்கடை பெஞ்சியில் ஒதுங்கியதுதான் வினையாயிற்று. அங்கே நமக்கு முன்னாலேயே இரண்டு கிழவர்கள் இடம் பிடித்திருந்தார்கள். ஏதோ ஒரு டென்னிஸ் பந்தயத்தைப் பற்றிக் காரசாரமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். நடந்த பந்தயத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். நடக்காத பந்தயத்தைப் பற்றி ஐம்பது வருஷமாகச் சண்டை போடுகிறவர்களை வில்லியனூரில்தான் கண்டோம்.

ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மற்றவரை ஊரார் 'சொல்தா' என்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து, பிரான்சு தேசத்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்குப் புதுச்சேரிப் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. இருவருக்கும் பால்ய சிநேகம். 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, இதே வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று வோட்டுப் போட்டார்களே, அன்றைக்கு இருவரும் அரை நிஜார்ச் சிறுவர்கள். 1962-இல் அந்த இணைப்புச் சட்டப்படி முற்றுப் பெற்றது. பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று தவணை வைத்தார்கள். சொல்தாவின் வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். வாத்தியார் வீட்டார் கொடுக்கவில்லை. ஆக, இவர்களுடைய சிநேகத்துக்கு நடுவிலேயே ஓர் அயல்நாட்டு விவகாரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

பந்தய விவகாரம் இதுதான். 1974-ஆம் வருஷம் சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் தூண்களாக நின்ற இந்திய அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. பிறகு புனாவில் சோவியத் ருஷ்யாவை வென்று, டேவிஸ் கோப்பையின் இறுதிப் பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. கறுப்பனுக்கு ஒரு சட்டம், வெள்ளையனுக்கு ஒரு சட்டம் என்று எழுதி வைத்து ஆண்ட தேசம். அதனோடு ஆடுவதில்லை என்று இந்தியா சொல்லிவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அந்தக் கோப்பையின் சரித்திரத்திலேயே இறுதிப் பந்தயம் நடக்காத வருஷம் அது ஒன்றுதான். 1966-இல் ஆஸ்திரேலியாவிடமும் 1987-இல் ஸ்வீடனிடமும் இறுதியில் தோற்றோம். கோப்பை இன்று வரையில் நம் கைக்கு வரவில்லை.

"வாத்தியாரே, வாசல் வரைக்கும் வந்த லட்சுமியைக் கதவைச் சாத்தி அனுப்பிவிட்டு, அதற்குக் கொள்கை என்று பெயர் வைக்கிறீர்! போய் ஆடி, ஜெயித்து, அந்த வெள்ளைக்காரன் முகத்திலே கரியைப் பூசியிருக்க வேண்டாமா?" என்றார் சொல்தா.

"பார்த்தீரா, முசியே! அவமானம் என்றதும் உமக்குக் கூடக் கரிதான் ஞாபகத்துக்கு வருகிறது" என்றார் வாத்தியார்.

சொல்தா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கட்சி லேசானதல்ல. 1936-இல் ஹிட்லரின் பெர்லின் நகரத்திலேயே ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற அமெரிக்க நீக்ரோ வீரர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அதே பெர்லினில் ஆகஸ்டு 15-ஆம் தேதி தியான் சந்தின் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று முறியடித்தது. 1996-இல் பிரெஞ்சுக் கால்பந்து அணியில் அந்நியர்கள் நிறைந்துவிட்டார்கள் என்று லெ பென் என்ற அரசியல்வாதி முணுமுணுத்தார்; இரண்டே வருஷத்தில் ஸிதானும், குவாதலூப் தீவில் பிறந்த துய்ராமும், கானாவில் பிறந்த தெசாயியும் சேர்ந்து உலகக் கோப்பையைப் பிரான்சு தேசத்திலேயே வென்று கொடுத்தார்கள். "களத்தில் இறங்கி வாயை அடைப்பதுதான் வீரம், வீட்டில் உட்கார்ந்துகொள்வதா வீரம்?" என்று கேட்டார். மேலும் ஒரு குத்துக் குத்தினார்: "1987-இல் டில்லியிலே இஸ்ரேலோடு டேவிஸ் கோப்பை ஆடினீர்களே! அந்தத் தேசத்தோடு முழுத் தூதர் உறவு வைத்துக்கொண்டதே 1992-இல்தானே? உங்கள் கொள்கை வருஷத்துக்கு ஒரு சட்டை மாற்றுமோ?"

வாத்தியார் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகவே பதில் சொன்னார். சர்க்கார்களின் கொள்கை சில சமயம் வளைந்து கொடுப்பது வாஸ்தவம். ஆனால் தென்னாப்பிரிக்க விஷயம் இரண்டு சர்க்கார்களின் சண்டையல்ல. அங்கே ஆட்டக்காரனைப் பொறுக்குவதிலேயே முதல் பரீட்சை தோல் பரீட்சை. அந்த அணியோடு கை குலுக்கினால் அந்தப் பரீட்சைக்கு நாமும் கையெழுத்துப் போட்டதாகும். 1936-இல் பெர்லினில் யூதர்களை ஒதுக்கி வைத்தார்கள்; உலகம் முழுவதும் போய் ஆடிவிட்டுத்தான் வந்தது. மூன்று வருஷத்தில் யுத்தம் வந்தது. "ஓவன்ஸ் ஊர் திரும்பினாரே, என்ன கண்டார்? நான்கு தங்கம் வென்ற அந்தக் கால்கள் வயிற்றுப் பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடின. ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஜெயிக்காதவர்கள் சொல்லும் பேச்சு, முசியே."

தமிழர்களாகிய நமக்கு இதில் தனி வழக்கு உண்டு என்பதையும் அவர் நினைவூட்டினார். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்பு வெட்டக் கப்பல் ஏறியவர்கள் நம்மவர்கள். 1893-இல் முதல் வகுப்பு டிக்கெட்டு வைத்திருந்த மோகன்தாஸ் காந்தியைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டது அந்தத் தேசம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914-இல் 16 வயசில் உயிர் நீத்ததும் அங்கேதான். சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷமே, 1946-இல், இந்தியா அந்தத் தேசத்தோடு வியாபாரத்தை நிறுத்தி, ஐக்கிய நாடுகள் சபையில் வழக்குத் தொடுத்தது. 1974-இல் டென்னிஸ் மட்டையைக் கீழே வைத்தது அதன் தொடர்ச்சிதான்.

"சரி, ஆட்டக்காரன் வயிறு?" என்றார் சொல்தா. இங்கேதான் பேச்சு பணத்தின் பக்கம் திரும்பியது. உலகம் ஒதுக்கி வைத்த தென்னாப்பிரிக்கா, பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கப் பார்த்தது. 1982-இல் போன இங்கிலீஷ் கிரிக்கெட் கோஷ்டிக்கு ஒரு பீர்க் கம்பெனியின் பணமும் விளம்பரமும் பக்கபலம். இப்படிச் செலவு செய்யும் கம்பெனிகளுக்கு அந்தச் சர்க்கார் வரிச் சலுகையும் கொடுத்தது. அதே வருஷம் இலங்கையிலிருந்து ஒரு கோஷ்டி போயிற்று. திரும்பி வந்தவர்களுக்கு 25 வருஷத் தடை கிடைத்தது. 1983-இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒரு கோஷ்டி போயிற்று. கறுப்பர்களான அவர்களுக்குத் தென்னாப்பிரிக்கா கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'கௌரவ வெள்ளையர்'! அந்தக் கௌரவ வெள்ளையர்களில் ஒருவரான காலின் கிராஃப்ட் என்ற பந்து வீச்சாளர், கேப் டவுனில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய ரயில் பெட்டியில் தெரியாமல் ஏறி உட்கார்ந்தார். எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். காந்தியை இறக்கிவிட்டது 1893. கிராஃப்டை இறக்கிவிட்டது 1983. தொண்ணூறு வருஷத்தில் இலக்கங்கள் இடம் மாறின, ரயில் மாறவில்லை.

இந்தியாவும் பிடியைத் தளர்த்தவில்லை. 1988-இல் தென்னாப்பிரிக்காவில் ஆடிவிட்டு வந்த காரணத்துக்காகத் தலைவர் கூச் உள்ளிட்ட எட்டு இங்கிலீஷ் ஆட்டக்காரர்களுக்கு விசா மறுத்தது. அந்தச் சுற்றுப்பயணமே நின்றது. கடைசியில் நிறச் சட்டங்கள் சரிந்தன. 1991 நவம்பர் 10-ஆம் தேதி தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி மீண்டும் உலகத்தோடு கலந்து ஆடிய முதல் பந்தயம் எங்கே நடந்தது? கல்கத்தாவில். கதவைச் சாத்திய கையே கதவைத் திறந்தும் விட்டது.

வாத்தியார் கட்சி ஜெயித்துவிட்டது என்று நாம் தீர்மானித்தோம். அந்தத் தீர்மானம் ஞாயிற்றுக்கிழமை வரையில்தான் நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பாகூரில் பெண்களின் கிரிக்கெட் பந்தயம். வாத்தியாரின் பேத்தி அதில் பந்து வீசுகிறாள் என்று இருவரும் நம்மையும் அழைத்துப் போனார்கள். 2018 முதல் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் ஆடிவருவதிலிருந்து இந்தக் கொம்யூன்களில் கிரிக்கெட் மோகம் அதிகமாகியிருக்கிறது. அறுவடை முடிந்த வயல், ஏரிக்கரைக் காற்று, வேலியோரம் ஆட்டு மந்தை. மைதானம் பிரமாதமாகவே இருந்தது. அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அணிக்குப் புதுச் சட்டைகளும், வாசலில் கட்ட ஒரு பெரிய பேனரும் உபயம் செய்திருந்தார்.

பேனரைப் பார்த்ததும் வாத்தியார் நின்றுவிட்டார். நடுவில் பெரிதாக நின்ற பெண் நல்ல சிவப்பு. இன்னும் ஒரு பந்தயத்திலும் ஆடாதவள். அணிக்காக அதிக விக்கெட்டு எடுத்த பேத்தி ஓரத்தில் கட்டை விரல் அளவு இருந்தாள். அதுவும் போகட்டும். அச்சில் அவளுடைய முகத்தை வெளுத்திருந்தார்கள். அந்தக் குழந்தை பேனரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நான் இல்லை" என்றாள்.

கேட்டதற்குக் கடைக்காரர் கோபிக்கவே இல்லை. "தப்பாக நினைக்காதீங்க ஐயா. முகம் எடுப்பாக இருந்தால்தான் நாலு பேர் பார்ப்பாங்க. பாப்பாவையும் கொஞ்சம் பளிச்சென்று போடச் சொன்னேன்" என்றார். அவர் பாப்பாவுக்கு உபகாரம் செய்ததாகவே நினைத்திருந்தார். 'கௌரவ வெள்ளையர்' என்ற பட்டத்தைக் கொடுத்தவர்களும் உபகாரம் செய்ததாகத்தான் நினைத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. "ஆடாதே அம்மா! சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் எறி!" என்று குதித்தவர், களத்தில் இறங்குவதே வீரம் என்று ஐம்பது வருஷமாக வாதாடிய சொல்தா. "சும்மா இருமையா, குழந்தை ஒரு வருஷமாகப் பழகியிருக்கிறது, ஆடட்டும்" என்று தழுதழுத்தவர், ஆடாமையே தர்மம் என்று வாதாடிய வாத்தியார். கொள்கை சொந்த வீட்டுக்குள் வரும்போது ஆளை இப்படித்தான் புரட்டிப் போட்டுவிடுகிறது.

தீர்ப்புச் சொன்னவர்கள் பெண்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு கூடாரத்துக்குள் போனார்கள். திரும்பி வந்தபோது எல்லோரும் சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டிப் போட்டிருந்தார்கள். கடையின் பெயர் உள்ளே போய்விட்டது. அந்தச் சிவப்புப் பெண்தான் முதலில் புரட்டியவள் என்று பிற்பாடு தெரிந்தது. ஆடினார்கள். பேத்தி மூன்று விக்கெட்டு எடுத்தாள். அப்படியும் தோற்றுத்தான் போனார்கள்.

பாகூர்க் கடைக்காரர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. டேவிஸ் கோப்பையை நாம் விட்டுக் கொடுத்தது 1974. அதற்கு அடுத்த வருஷம், 1975-இல், 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகுக் களிம்பு இந்தியக் கடைகளுக்கு வந்தது. உலக அரங்கில் நிறபேதத்தை வெறுத்துக் கோப்பையைத் துறந்த அதே தேசம், வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தக் களிம்பைத் தேய்த்துக்கொண்டது! 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றினார்கள். பெயரை மாற்றுவது சுலபம். தமிழ்நாட்டு ஆட்டக்காரர் அபினவ் முகுந்த், தம் நிறத்தைச் சொல்லிப் பிறர் செய்த ஏளனத்தை 2017-இல் பகிரங்கமாக எழுதினார். வாழ்நாளெல்லாம் அதை அனுபவித்ததாக 2021-இல் சொன்னார் முன்னாள் வீரர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன். இருவரும் தேசத்துக்காக ஆடியவர்கள்.

வெளிநாடு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 2015-ஆம் வருஷத்துக்கு 'ஃபோர்ப்ஸ்' பத்திரிகை போட்ட கணக்கில், டென்னிஸ் வீராங்கனை ஷரபோவாவின் விளம்பர வருமானம் 2 கோடியே 30 லட்சம் டாலர். செரீனா வில்லியம்ஸின் விளம்பர வருமானம் 1 கோடியே 30 லட்சம். 2004-க்குப் பிறகு ஷரபோவா ஒரு தடவைகூடச் செரீனாவை ஜெயித்ததில்லை. மைதானத்தில் எண்ணிக்கை பந்தைப் பார்த்து நடக்கிறது. விளம்பரக் கம்பெனியில் எண்ணிக்கை எதைப் பார்த்து நடக்கிறது என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

1974-இல் நாம் செய்தது சரிதானா? சரிதான் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அந்தத் தியாகத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. கோப்பையை விட்டுக் கொடுத்தவர்கள் களிம்பை விட்டுக் கொடுக்கவில்லை. அயலான் வீட்டு நிறபேதத்துக்கு எதிராகக் கதவைச் சாத்தத் தெரிந்த நாம், நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலத்திலும், பள்ளி நாடகத்தில் வேஷம் கொடுப்பதிலும், கடைத்தெருப் பேனரிலும் அதே தோல் பரீட்சையை வைத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு ஐக்கிய நாடுகள் சபையில் வழக்குப் போட முடியாது. அவரவர் வீட்டுக் கூடத்தில்தான் போட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் கீழூர் நினைவு மண்டபத்தின் அருகே வண்டியை நிறுத்தச் சொன்னார் வாத்தியார். சொல்தா பேத்தியைப் பார்த்து, "நீ ஆடியிருக்கக் கூடாது, அம்மா" என்றார். "ஏன் ஆடக் கூடாது?" என்று பிடித்துக்கொண்டார் வாத்தியார். அவர்களுக்கு இனி ஐம்பது வருஷத்துக்கு வேலை இருக்கிறது. பேத்தி இருவர் பேச்சையும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த பந்தயத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சட்டை அப்போதும் புரட்டியபடியேதான் இருந்தது.