யந்திரக் காரியஸ்தர்

காரியஸ்தரிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பது நம்மவர்க்குப் புதிதல்ல. ஆனால் காரியஸ்தர் மனிதராகவே இல்லாவிட்டால்?

இணையத்தின் விதிகளில் 402 என்று ஓர் எண் உண்டு. 'பணம் செலுத்துக' என்பது அதன் பொருள். 1997-ம் வருஷத்து விதிகளில் அது பிற்கால உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் உறங்கியே கிடந்த அந்த எண்ணை, 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் காயின்பேஸ் கம்பெனி 'எக்ஸ்402' என்ற ஏற்பாட்டினால் தட்டி எழுப்பிற்று. செயற்கை அறிவு யந்திரம் ஒரு தகவலைக் கேட்கிறது. 402 என்று பதில் வருகிறது. உடனே டாலர் மதிப்போடு பிணைத்த யுஎஸ்டிசி என்னும் கிரிப்டோ நாணயத்தில் விலையைச் செலுத்தித் தகவலைப் பெறுகிறது. மனிதர் கை படுவதேயில்லை.

சௌகரியந்தான், மறுப்பாரில்லை. காலணா பெறும் சரக்குக்குக் கார்டு முறை கட்டுபடியாகாதல்லவா? ஆயினும், யந்திரம் படிக்கும் எழுத்துக்குள்ளேயே வஞ்சகன் ஒருவன், 'எனக்குப் பணம் அனுப்பு' என்று எழுதி வைத்தால், அதனையும் எஜமானரின் கட்டளையென்று அது மயங்கக்கூடும். பாங்கியாயின் முறையிடலாம். இங்கோ, போன பணம் பெற்றவன் மனமிரங்கினாலன்றித் திரும்புவது அரிது.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: யந்திரத்துக்குப் பெட்டிச் சாவி வேண்டாம், சில்லறைப் பை போதும். அன்றாடச் செலவுக்கு ஒரு வரம்பு இருக்கட்டும். அதற்கு மேற்பட்டால் மனிதர் சம்மதம் வேண்டும். இரவில் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பணம் போனால் யந்திரம் பட்டினி கிடக்காது. நாம்தான் கிடக்க வேண்டும்!