பெண்கள் கப்பலேறட்டும்!

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதே, அடுத்து எந்தக் குரூப் எடுப்பது என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழுந்துவிடுகிறது. டாக்டர், என்ஜினீயர், ஆசிரியை, வங்கி அலுவலர், கம்ப்யூட்டர் வேலை என்று ஐந்தாறு பெயர்களையே அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. ‘கப்பல் அதிகாரி’ என்ற பெயர் அதில் வருவதே இல்லை. அண்ணன்மாருக்காவது யாராவது ஒரு மாமா ‘மெர்ச்சன்ட் நேவி’ என்று சொல்லி வைக்கிறார். பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு அதுவும் இல்லை. இது முறைதானா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் கடல் ஏது என்று சிலர் நகைக்கலாம். உண்மைதான், நம் ஊர்களில் ஏரி உண்டு, கடல் இல்லை. ஆனால் கடல் வணிகம் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை வழியாகவே போகிறது. அதில் செல்லும் கன்டெய்னர் லாரிகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் கார்கள் கப்பலேறி வெளிநாடு செல்கின்றன. நம் நாட்டின் வெளிநாட்டு வணிகச் சரக்கில் எடை அளவில் நூற்றுக்கு 95 பங்கு கடல் வழியாகவே போய் வருகிறது.

சரக்கு போகிறது, பெண்கள் போகிறார்களா? 2021இல் வெளியான உலகக் கணக்கின்படி, வணிகக் கப்பல்களில் பணிபுரிவோர் ஏறத்தாழ 19 லட்சம் பேர். அவர்களுள் பெண்கள் 24,059 பேர் மட்டுமே. எண்பது பேருக்கு ஒருத்தி என்று சொல்லலாம்.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. பெண்களோடு கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்தது. ஆனால் பின்னாளில் கொன்றை வேந்தன் பாடிய ஔவையார், கடல் கடந்தேனும் பொருள் தேடும்படி அறிவுரை கூறினார். ஆண்களுக்கு மட்டும் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. சொன்னவரும் ஒரு பெண் அன்றோ! நாங்கள் ஔவையார் பக்கம் நிற்க விரும்புகிறோம்.

“பெண்ணால் இது முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. சோனாலி பானர்ஜி 2001இல் கொல்கத்தாவில் பயிற்சி முடித்து, இந்தியாவின் முதல் பெண் மரைன் என்ஜினீயர் ஆனார். சென்னைப் பெண்ணான ரேஷ்மா நிலோஃபர் நாஹா 2018இல் கொல்கத்தாத் துறைமுகத்தில் பைலட் ஆனார். நம் நாட்டில் இப்பணிக்கு வந்த முதல் பெண் அவரே. மணல் திட்டுகள் நிறைந்த ஹூக்ளி ஆற்றில் பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டிக் கூட்டிச் செல்லும் கடினமான வேலை அது. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, தோழி தில்னாவுடன் ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார். படகில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே!

எங்கள் மனத்தை மிகவும் தொட்டவர் கேப்டன் ராதிகா மேனன். கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்து, கப்பலில் ரேடியோ அதிகாரியாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து கேப்டன் ஆனவர். 2015 ஜூன் மாதம் வங்கக் கடலில் என்ஜின் பழுதாகி, நங்கூரமும் போய், ‘துர்கம்மா’ என்ற மீன்பிடிப் படகு தத்தளித்தது. அலைகள் 25 அடிக்கு மேல் எழுந்தன. ராதிகா தம் எண்ணெய்க் கப்பலை அப்படகின் அருகே செலுத்தச் செய்தார். முதல் முயற்சி தோற்றது, இரண்டாவதும் தோற்றது. மூன்றாம் முயற்சியில் ஏழு மீனவர்களும் கரைசேரும் வழி கண்டனர். அவர்களில் எங்களைப் போலவே பதினைந்து வயதான ஒருவனும் இருந்தான். 2016இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கடலில் காட்டிய அரிய வீரத்துக்கான விருதை அவருக்கு அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

அன்பார்ந்த பெற்றோரே, இதில் துன்பமே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸும் பொங்கலும் நடுக்கடலில் கழியலாம். என்ஜின் அறையின் வெப்பமும் புயலும் உண்டு. கப்பலிலேயே ஒரே பெண்ணாக இருக்க நேரலாம். உங்கள் அச்சம் அதுதான் என்பதை அறிவோம். ஆனால் கப்பல் சட்டமில்லாத இடமன்று. இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேர ஓய்வையும், கப்பலிலேயே புகார் கொடுக்கும் உரிமையையும் தருகிறது. அந்நியத் துறைமுகங்களில் கடலோடிகளைச் சந்தித்து உதவ, 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய நம் திருச்சபையின் ‘ஸ்டெல்லா மாரிஸ்’ அமைப்பும் இருக்கிறது.

அச்சப்பட வேண்டியது வேறொன்றும் உண்டு. கப்பல் வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் போலி ஏஜென்டுகள் பலர். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு. கப்பல் துறை இயக்குநரகத்தின் அனுமதி பெற்ற பயிற்சி நிலையமா, உரிமம் பெற்ற ஏஜென்டா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. பயிற்சிக் கட்டணமும் பெரிது. பயிற்சிக்குப் பின் கப்பலில் இடம் கிடைக்குமா என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும்.

முறையான வழி தொலைவில் இல்லை. 2008இல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நம் சென்னையின் உத்தண்டியிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் பொது நுழைவுத் தேர்வு எழுதலாம். கப்பலைச் செலுத்த விரும்புவோர்க்கு மூன்றாண்டு நாட்டிகல் சயின்ஸ்; இயந்திரங்களை விரும்புவோர்க்கு நான்காண்டு மரைன் என்ஜினீயரிங். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வேண்டும். பார்வையில் நிறக்குருடு இருக்கக் கூடாது. கடலில் செல்ல விரும்பாதவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் கலையையே படிக்கலாம்.

எனவேதான் இதைப் பத்தாம் வகுப்பிலேயே பேச வேண்டும் என்கிறோம். விவரம் தெரியாமல் வேறு குரூப் எடுத்துவிட்டால், கடல் கதவு பதினைந்து வயதிலேயே சாத்தப்பட்டுவிடும்! ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. வழிகாட்டும் சகோதரிகளும் ஆசிரியைகளும் மேற்படிப்பு பற்றிக் கூறும்போது கப்பற்பணியையும் சேர்த்துக் கூறுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கப்பலில் பணிபுரியும் ஒரு பெண்ணை அழைத்து எங்களோடு பேச வையுங்கள். பெற்றோரே, எங்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள்; கப்பலுக்குப் போகாவிட்டாலும் அது உயிர் காக்கும்.

எல்லோரும் மாலுமியாக வேண்டும் என்பதில்லை. விருப்பமுள்ள ஒருத்திக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். பெண் எல்லை தாண்டினால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மானம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். கப்பலேற நாங்கள் இருக்கிறோம்!