வியாபாரம் தெரியாதவர்களா அவர்கள்?

பிரேசிலின் கறுப்பினத் தொழில்முனைவோருக்கு எப்படி உதவுவது என்று பேசும்போதெல்லாம் முதலில் வந்து விழும் சொல் பயிற்சி. கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்போம், விளம்பரம் செய்யக் கற்றுக்கொடுப்போம், தன்னம்பிக்கை ஊட்டுவோம் என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதற்கு அடியில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: அவர்களுக்கு வியாபாரம் தெரியாது, அதனால்தான் பின்தங்கிக் கிடக்கிறார்கள். வரலாறு இதற்கு நேரெதிராக இருக்கிறது தோழர்களே.

19ஆம் நூற்றாண்டின் சால்வடார் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருத்தெருவாக மீனும் பழமும் சமைத்த உணவும் விற்றவர்கள் கறுப்பினப் பெண்கள். துறைமுகச் சரக்கைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்கள் கறுப்பின ஆண்கள். அவர்களில் பலர் அடிமைகள். சம்பாதித்ததில் ஒரு குறிப்பிட்ட தொகையை எஜமானிடம் கட்ட வேண்டும். மிஞ்சியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. 1832இல் விடுதலை பெற்ற கறுப்பர்கள் அதே ஊரில் ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தையே தொடங்கினார்கள். 1857இல் சுமைதூக்குவோர் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்று, எண் பொறித்த உலோகத் தகட்டைக் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று நகர நிர்வாகம் உத்தரவிட்டது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரமே ஸ்தம்பித்தது. நிர்வாகம் கட்டணத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

சேமிக்கவும், சங்கம் நடத்தவும், பேரம் பேசவும் தெரிந்த இந்த மக்களிடம் இல்லாதது எது? மூலதனம். அது தற்செயலாக இல்லாமல் போகவில்லை. 1850இல் வந்த நிலச் சட்டம், அரசு நிலத்தை விலை கொடுத்து மட்டுமே பெறலாம் என்றது. அடிமைகளிடம் ஏது பணம்? 1888 மே 13இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களில் அதைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். விடுதலையானவர்களுக்கு ஒரு துண்டு நிலமோ இழப்பீடோ தரப்படவில்லை. அதே காலத்தில் சாவோ பாவ்லோவின் காப்பித் தோட்டங்களுக்கு இத்தாலியிலிருந்து ஆள் கொண்டுவர அரசுப் பணத்தில் கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. ஆக, அரசிடம் பணம் இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பாகுபாடு.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கறுப்பர் என்றோ கலப்பினத்தவர் என்றோ பதிவு செய்தவர்கள் 55.5 சதவீதம். நாட்டின் பெரும்பான்மையே அவர்கள்தான். ஆனால் வங்கியில் கடன் கேட்டால் அடமானம் கேட்பார்கள். பட்டா இல்லாத ஃபவேலா வீட்டை எந்த வங்கி ஏற்கும்? தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட நிலம் பேத்தியின் கடன் விண்ணப்பத்தில் வந்து நிற்கிறது.

அடுத்தது இடம். காராமணியை அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் அக்கராஜே, பஹியா பெண்களின் பரம்பரைத் தொழில். 2005இல் அரசே அதைத் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. ஆனால் 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்காக ஃபிஃபாவின் விதிகள் வந்தபோது, சால்வடார் கால்பந்து மைதானத்தைச் சுற்றி அந்தப் பெண்களே விற்க முடியாத நிலை உருவானது. கையெழுத்து திரட்டி, போராடித்தான் இடம் வாங்கினார்கள். மரபு என்று பாராட்டுவதற்குச் செலவில்லை. விற்க இடம் கொடுப்பதில்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, வாங்குபவர். 2002இல் அத்ரியானா பார்போசா சாவோ பாவ்லோவில் தொடங்கிய ஃபெய்ரா பிரெட்டா, அதாவது கறுப்பர் சந்தை, கறுப்பினத் தயாரிப்பாளர்களையும் வாங்குபவர்களையும் ஓரிடத்தில் சேர்த்தது. அரசும் வாங்கலாம். 2009இல் வந்த பள்ளி உணவுச் சட்டம், மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று விதித்தது. தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த கிலோம்போ சமூகங்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு. விளைந்ததை யார் வாங்குவார் என்ற பயம் தீர்ந்தால் விவசாயி தானே திட்டமிடுவார்.

‘நாலு பேர் முதலாளி ஆவதால் சமூகம் விடுதலை ஆகிவிடுமா?’ என்று சில தோழர்கள் கேட்பது நியாயம். ஆகாது. வேலை கிடைக்காததால் தெருவில் கடை போட்டவரைத் தொழில்முனைவோர் என்று புகழ்ந்துவிட்டு, அவருக்குச் சேர வேண்டிய தொழிலாளர் உரிமையை மறக்கடிப்பதும் நடக்கிறது. வேலையும் கூலியும் கேட்கும் போராட்டத்துக்கு வியாபாரம் மாற்று அல்ல. ஆனால் ஏற்கனவே கடை போட்டுப் பிழைப்பவர்களிடம், புரட்சி வரும்வரை வட்டிக்காரனிடமே கடன் வாங்குங்கள் என்று நாம் சொல்ல முடியுமா?

எனவே இப்படிப்பட்ட திட்டம் எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எவ்வளவு பணம் நேரடியாக அவர்கள் கைக்குப் போகிறது? கடை போடும் இடத்தில் அவர்களுக்கு என்ன உரிமை? பொருளை வாங்குவதாக யார் உறுதி கொடுத்திருக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாமல் சான்றிதழ் மட்டும் கொடுக்கும் திட்டம் என்றால், அதில் பிழைப்பது பயிற்சி கொடுப்பவர் மட்டும்தான்.