துறைமுகத்துக்குச் செல்லாத முதலமைச்சர்

1990 மார்ச்சுத் திங்களில் ஈழத்திலிருந்து மீண்ட இந்தியப் படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி செல்லவில்லை. அதனை நாட்டுக்கு இழைத்த இரண்டகம் என்று இன்றும் பேசுவார் உளர். விம்கோ நகரிலும் இராயபுரத்திலும் துறைமுக உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அப்பேச்சையே கேட்டு வளர்கின்றனர். ஆதலின் நடந்ததை நிரல்படச் சொல்லவேண்டியுள்ளது.

1987 சூலை 29-இல் கொழும்பில் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். எவருடைய வாழ்வைப் பற்றி அஃது எழுதப்பட்டதோ அந்த ஈழத்தமிழரின் கையொப்பம் அதில் இல்லை! அமைதி காக்கவென்று சென்ற படையை யாழ்ப்பாண மக்கள் முதலில் மகிழ்ந்தே வரவேற்றனர், அதை மறைப்பதற்கில்லை. அக்தோபர் 10-இல் அப்படையே போர் தொடங்கிற்று. அக்தோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை புகுந்து சுட்டது. நோயாளரும் செவிலியரும் மருத்துவருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் செவிலியருடன் கைகளை உயர்த்தியவாறு வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளிருந்து எம்மைச் சுட்டனர் என்பது படை தந்த விடை. படுக்கையிற் கிடந்த நோயாளியா சுட்டான்?

1988 மார்ச்சு 19-இல், பத்து மக்களைப் பெற்ற பூபதி அம்மையார் மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றிலில் உண்ணாநோன்பு தொடங்கினார். போரை நிறுத்துக, பேசுக என்னும் இரண்டே கோரிக்கைகள். தில்லியின் செவியில் அவை ஏறவில்லை. ஏப்பிரல் 19-இல் அம்மையார் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு ஆகத்து 2-இல் வல்வெட்டித்துறையில் அறுபதின்மருக்குமேல் கொல்லப்பட்டனர்.

தமிழகம் வாளாவிருக்கவில்லை. தி.மு.க.வும் திராவிடர் கழகமும் பழ. நெடுமாறனின் இயக்கமும் தனித்தமிழ் அன்பரும் படையைத் திரும்பப் பெறுக என்று முழங்கினர். வை. கோபால்சாமி மாநிலங்களவையில் ஓயாது கேட்டார். முடிவில், படையை அழைத்த கொழும்பே 1989-இல், பிரேமதாசா ஆட்சியில், வெளியேறுக என்றது! அவ்வாண்டு திசம்பரில் தலைமையமைச்சரான வி. பி. சிங் படையை முழுமையாக மீட்டார். 1990 மார்ச்சு 24-இல் திருகோணமலையிலிருந்து இறுதி அணி புறப்பட்டது.

ஏறத்தாழ 1,200 இந்தியப் படைஞர் அங்கு மடிந்தனர். அவரும் எளிய குடிப் பிறந்தோரே. ஆணைக்குச் சென்றவரை நாம் பழியோம். ஆயின் வரவேற்பு மேடை படைஞருக்கு மட்டும் உரியதன்று. அப்போரை ஏவிய அரசுக்கும் அது வாழ்த்தாகும். அவ்வாழ்த்தைத் தமிழகத்தின் முதலமைச்சர், அதுவும் ஈழத்தை நோக்கிய நம் கடற்கரையில் நின்று, யாங்ஙனம் கூறுவார்? வியத்துநாமிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைஞர் 1971-இல் தம் பதக்கங்களைத் தம் நாட்டுப் பேரவைக் கட்டடத்தின் முன் வீசினரே, அவரும் நாட்டுப்பகைவர்தாமோ?

இரண்டகம் என்பார் முதலில் ஒன்று செய்க. அக்தோபர் 21, 22 ஆகிய இரு நாள்களிலும் அம் மருத்துவமனையில் யார் ஆணையால் யார் சுட்டனர் என்னும் படைத்துறை ஆவணங்களைத் தில்லி வெளியிட வேண்டுமென்று அவரும் நம்மோடு சேர்ந்து கேட்கட்டும். விம்கோ நகர்த் தீப்பெட்டித் தொழிலாளி அன்று செலுத்திய வரியும் அந்தத் தோட்டாவில் இருந்தது.